மகள்மார் வளர்த்த வீடு

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பை அடுத்த கல்லடியில் ஒரு பழைய வீட்டைக் காட்டி, "இது ஆருடைய வீடு?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர்தான் பதிலாக வரும். கட்டியவர் அவளுடைய தகப்பனாக இருப்பார். கூரையை மாற்றியவர் அவளுடைய கணவராக இருப்பார். பின்பக்கத்து அறைக்குக் காசு அனுப்பியவர் வெளிநாட்டில் இருக்கும் தம்பியாக இருக்கலாம். ஆனாலும் வீடு அவளுடையது. அவளுக்கு முன் அது தாயுடையது, நாளை மகளுடையது. இந்த ஊரில் வீட்டைத் திருத்துவதும் கூட்டிக் கட்டுவதும் தலைமுறை தலைமுறையாக இந்த வழக்கத்தைச் சுற்றியே நடந்து வந்திருக்கின்றன.

மண்ணும் இதற்கு ஒத்துழைத்தது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதன் கிழக்கே, சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை; மேற்கே, சூரியன் படும் பக்கம், படுவான்கரை. படுவான்கரையில் வயலும் காடும் மாட்டுப் பட்டிகளும் விரிந்து கிடக்க, எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நெருக்குண்ட மணல் நிலம். புளியந்தீவு நகருக்கு எதிரே, அந்த மணல் நிலத்தில் இருக்கிறது கல்லடி. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். சில அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். ஆனால் அந்த நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை மட்டுமே. குடும்பம் பெருகும்போது ஊரை விட்டுத் தள்ளிப் போகவும் முடியாது, நினைத்தபடி அகலவும் முடியாது. அதனால் வீடுகள் வளவுக்குள்ளேயே பெருகின.

பெருகிய விதம் இதுதான். மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். கொஞ்சக் காலம் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். பிறகு பெற்றோர், மணமாகாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் போட்ட இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெரிய வீடு மூத்தவளுக்கு. புதிதாகப் போட்ட வீடு அடுத்தவளின் கலியாணத்தை நினைத்துக் கட்டியது. அவளுக்கு முடிந்ததும் அதையும் விட்டுக்கொடுத்து இன்னும் பின்னால் ஒதுங்குவார்கள். கடைசி மகளோடு தங்கி, அவள் கையால் கஞ்சி குடித்து, அங்கேயே கண்ணை மூடுவதும் உண்டு. அக்கா தங்கைகளின் வீடுகளுக்கு இடையில் வேலி இருக்காது. இருந்தாலும் ஆள் நுழைய ஒரு கடப்பு இருக்கும். கிணறு பொது. பிள்ளைகள் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டு, சின்னம்மா வீட்டில் உறங்கி வளர்வார்கள்.

சீதனம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு எழும் கசப்பு நியாயமானது. கிழக்கிலும் அந்தச் சொல்லின் பெயரால் பெற்றோர் கடன்பட்டிருக்கிறார்கள். வீடில்லை என்பதற்காகப் பெண்கள் மணமாகாமல் இருந்திருக்கிறார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே சீதனமாகக் கொடுத்த வீடு பெண்ணை விட்டுப் போவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மணமுறிவு வந்தால் வீட்டை விட்டு வெளியேறுபவர் கணவர்.

இந்த வழக்கம் ஆதி முதல் இதே வடிவில் இருந்ததும் அல்ல. மட்டக்களப்பில் குடி என்னும் குலப்பிரிவு தாய் வழியாக வருவது; வயிற்றுவார் என்று சொல்வதும் அந்த வழியைத்தான். கோயிலில் நிர்வாகியான வண்ணக்கரின் பதவியும் திருவிழா உரிமைகளும் குடியைப் பார்த்தே அமையும். முக்குவர் சமூகத்தின் பெயரால் வழங்கிய பழைய முக்குவச் சட்டத்தில் சொத்தும் அப்படியே போனது: முதுசொம் தாய்வழியில் இறங்கும், தாய்மாமன் அதைப் பார்த்துக்கொள்வார், அவருக்குப் பின் சகோதரியின் ஆண்மக்கள். 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ அந்தச் சட்டத்தை நூலாகத் தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டில் ஆங்கிலேய அரசு திருமண உரிமைகளையும் மரபுரிமையையும் பற்றிய 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து முக்குவச் சட்டத்தின் உயிரை எடுத்தது.

சட்டம் போனது, தாய்வழி போகவில்லை. 1969இலிருந்து அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விளக்கியிருக்கிறார். சகோதரியின் மகனுக்குப் போக வேண்டியது போக முடியாமல் ஆனபோது, குடும்பங்கள் காணியையும் வீட்டையும் மகளின் கலியாணத்திலேயே எழுதிக் கொடுக்கத் தொடங்கின. சீதனம் பருத்து, முதுசொத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் இன்று நாம் 'பழைய மட்டக்களப்பு வீடு' என்று கொண்டாடுவது, ஒரு சட்டம் கொண்டுவந்த நெருக்கடிக்கு மக்கள் கண்டுபிடித்த பதில். பழைமை என்பதை அசையாத ஒன்றாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி வீட்டுக்குள் போவோம். போகும் வழியெங்கும் வரலாறு பேச்சாகவே கிடக்கிறது. விறாந்தை, யன்னல், குசினி, அலுமாரி, சாவி, மேசை, கதிரை: எல்லாம் போர்த்துக்கேயரோடு வந்த சொற்கள். அவர்கள் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து ஆண்டுகளில், 1638இல், அதை ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயரின் ஆட்சி அவ்வளவு குறுகியது. ஆனால் அவர்கள் வழிவந்த பறங்கியர் இங்கேயே தங்கினார்கள், தங்கள் கிரியோல் மொழியைக் காப்பாற்றினார்கள். தச்சும் கொல்லும் அவர்களின் பரம்பரைத் தொழில்களில் முக்கியமானவை. யன்னல் என்ற சொல்லைக் கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகளே நமக்கு யன்னல் செய்து கொடுத்தார்கள் என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. கல்லடிக்கு அண்டையிலுள்ள டச்பாரில் அவர்களில் பலர் வாழ்ந்தார்கள்.

சாதாரண வீடு நெடுங்காலம் மண் சுவரும் கிடுகுக் கூரையுமாகவே இருந்தது. மண் சுவருக்கு ஆண்டுதோறும் மெழுக்கு வேண்டும், கிடுகை அடிக்கடி மாற்ற வேண்டும். அதனால் திருத்த வேலை என்பது பெரிய முடிவாக இல்லாமல், மாரி வருமுன் செய்து முடிக்கும் வருடாந்தக் காரியமாக இருந்தது. கல்வீடு வந்தது வசதியுள்ளவர்களுக்கு முதலில். சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் வைத்து எழுப்பிய தடித்த சுவர், உயர்ந்த கூரை, தூண் நிறுத்திய விறாந்தை. கச்சான் காற்று வெக்கையோடு வீசும் மாதங்களில் அந்த விறாந்தையே வீட்டின் முக்கியமான இடம். வந்தவர் இருப்பதும், கிழவர் சாய்ந்திருப்பதும், பிள்ளைகள் பாடம் படிப்பதும் அங்கேதான்.

கூரைக்கு மேல் ஓடு ஏறிய கதை கடல் கடந்தது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் மிசன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. ஒன்றோடு ஒன்று பற்றிக்கொள்ளும் அந்தத் தட்டை ஓடு, நாட்டோட்டை விட எடை குறைந்தது, அடுக்க எளிது. கள்ளிக்கோட்டையிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. ஓடு கப்பலேறி இலங்கைத் துறைமுகங்களுக்கு வந்தது. ஈழத்தில் இன்றும் பழைய கூரைகளைப் பிரிக்கும்போது இந்தியத் தொழிற்சாலைகளின் முத்திரை பதித்த ஓடுகள் கையில் அகப்படுவதுண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். வீட்டின் வயதைச் சொல்லக்கூடிய சாட்சி அது.

1920களில், ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரால், வாவிக்குக் குறுக்கே இரும்புப் பாலம் வந்தது. 1929இல் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தர் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். பாலமும் பள்ளியும் சேர்ந்து, நகரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு கல்லடியில் குடியிருக்கும் வாழ்க்கையை இலகுவாக்கின. மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்தபோது சீமெந்துத் தரையும் வந்தது.

1978 நவம்பர் 23 இரவு இதெல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அன்றைய சூறாவளி கிழக்கில் நூற்றுக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களில் மிகப் பெரும்பகுதி சாய்ந்தது. கிடுகு தென்னையிலிருந்து வருவது. மரங்கள் போனதும் கூரையும் போயிற்று. நட்டு வளரும்வரை மாற்றும் இல்லை. ஓட்டுக் கூரை வைத்தவர்கள் பறந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். தகரமும் அஸ்பெஸ்டசுத் தகடும் கல்லடியின் கூரைகளில் பரவியதற்கு விலை மட்டும் காரணமில்லை, அந்த இரவின் நினைவும் ஒரு காரணம்.

அஸ்பெஸ்டசு இன்று வேறு விதமான பயம். அதன் தூசு நுரையீரலுக்குப் புற்றுநோய் கொண்டுவரும் என்பது உறுதிப்பட்ட உண்மை. இலங்கை அதைக் கட்டுப்படுத்த முடிவெடுத்திருந்த வேளையில், 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டசு விற்கும் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கொழும்பு தன் முடிவைத் தள்ளிவைத்தது. தேயிலை மீண்டும் போனது. கல்லடியில் ஒரு குசினிக் கூரை மாறாமல் இருப்பதற்கும் மலைநாட்டுக் கொழுந்துக்கும் இப்படியொரு தொடர்பு. பழைய தகட்டை இறக்குகிறவர்கள் அதை நனைத்து, உடைக்காமல், அறுக்காமல் இறக்க வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

பிறகு 2004 டிசம்பர் 26. அந்தக் காலைச் சுனாமியில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாவலடி, டச்பார், கல்லடிக் கடற்கரை: அலை வந்த பாதையில் வீடு என்று சொல்ல அத்திவாரக் கோடுகளே மிஞ்சின. கல்லடி திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் சிறிய கோபுரம் விழாமல் ஒரு பக்கம் சரிந்து நின்றது. பார்க்க வருபவர்களுக்கு அதுவே சுனாமியின் அடையாளமாயிற்று.

இடிந்த வீட்டைக் கட்டுவதில் இருந்த துயரம் வேறு. அரசு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தது, பிற்பாடு தளர்த்தியது. முழுதாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதியாகச் சேதமடைந்ததற்கு 100,000 ரூபா என்று தவணை முறையில் கொடுத்தது. நாவலடிக் குடும்பங்கள் பல நகருக்கு வடக்கே திராய்மடுவில் குடியேற்றப்பட்டன. நன்கொடை அமைப்புகள் ஏறத்தாழ 500 சதுர அடியில், ஒரே அச்சில் வார்த்தாற்போல், வரிசையாக வீடுகள் கட்டின. கொடுத்தவர்களின் நல்ல மனத்தில் குறை காண முடியாது. ஆனால் வரைபடம் போட்டவர்கள் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று கணக்கிட்டார்கள். இரண்டு மகள்மார் வளர்ந்துவரும் வீட்டுக்கு அது எப்படிக் காணும்? பின்னால் இன்னொரு வீடு போட இடம் எங்கே? அக்காவும் தங்கையும் வெவ்வேறு வரிசைக்குப் போனபோது, கிணற்றடியும் கடப்பும் இல்லாமல் போயின.

அதைவிடப் பெரிய இழப்பு காகிதத்தில் நடந்தது. உத்தியோகப் படிவங்கள் 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டன. பதிலாகக் கணவர் பெயர் எழுதப்பட்டது. பல இடங்களில் வீடும் அந்தப் பெயருக்கே போனது. அலையில் மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்தால், இறந்த தாயின் வீட்டுக்கு ஈடாகக் கிடைத்தது அவளுடைய மகளுக்குச் சேருமா என்ற கேள்வி எழுந்தது. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் இதற்காகக் குரல் கொடுத்தன. குறைந்தது கூட்டுப் பெயரிலாவது எழுதுங்கள் என்று கேட்டன. அரச காணியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத இடத்தில், ஆண்மக்களையே முன்னுக்கு வைத்தது. அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண் பெயரில் வீடு வைத்திருந்த ஒரு சமூகத்துக்கு இது எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் என்று கொழும்பில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை.

கல்லடியிலிருந்து தெற்கே சில கிலோமீற்றர் போனால் காத்தான்குடி. அங்குள்ள முஸ்லிம்களிடமும் மகளுக்கு வீடு கொடுக்கும் இதே வழக்கம். ஆனால் நிலம் கல்லடியைவிட நெருக்கடி. அங்கே வளவு துண்டு துண்டாகி, இனித் துண்டாட முடியாத நிலையில், இரண்டாவது மகளுக்கு மாடி எழுந்தது. கடலுக்கு அப்பால் பார்த்தால், மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்களும் தாய்வழியினர். அவர்களுடைய நீண்ட பெருவீட்டில் மணமான ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அறை, குடும்பம் பெருகினால் வீட்டின் ஓரத்தில் நீட்டிக் கட்டுவார்கள். கேரளத்தின் தறவாடுகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1975இல் கூட்டுக் குடும்ப முறையை ஒழிக்கும் சட்டம் வந்தபின் பங்கு பிரிப்பு வேகமெடுத்தது. பிரிக்க முடியாத பெரிய வீடுகள் பல, மரத்துக்கும் ஓட்டுக்கும் விலைபோயின. வளவுக்குள் சிறுசிறு வீடாகப் பெருகியதால் கல்லடி அந்தக் கதியிலிருந்து தப்பியது என்று துணிந்து சொல்லலாம். இதற்கு எதிர்த்திசையில், கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1958இல் தொடங்கி, கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளைப் பத்தாண்டுக் காலத்தில் ஒன்றாக்கியது உலகப் புகழ்பெற்ற வேலை. கல்லடித் தாய்மார் அதற்கு நெடுநாள் முன்பிருந்தே ஒன்றை நான்காக்கி வந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தக் கட்டடக்கலை நூலும் எழுதவில்லையென்றால் அது நூல்களின் குறை.

இப்போது கல்லடியில் மறுபடியும் கட்டட வேலை நடக்கிறது. கனடாவிலும் சுவிஸிலும் இலண்டனிலும் இருந்து பணம் வருகிறது. விறாந்தை அடைபட்டு அறையாகிறது. பழைய சுவர் மேல் தட்டு போட்டு மாடி எழுப்ப ஆசை வருகிறது. மேசன்மாரோடு பேசும்போது வீட்டுக்காரர் மனத்தில் வைத்திருக்க வேண்டியவை சில உண்டு.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். வாவிக் காற்றின் உப்பு சுவருக்குள் பூத்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும். சுண்ணாம்பு பூசிய சுவரைச் சுண்ணாம்பாலேயே திருத்துவதுதான் முறை. பழைய கட்டடத்தோடு புதியதை ஒட்டிக் கட்டினால், மணலில் இரண்டும் ஒரே அளவில் இறங்குவதில்லை. ஒட்டிய இடத்தில் வெடிப்பு ஓடும். முன்னோர் அடுத்த மகளுக்குத் தனியாக, ஒரு முற்றம் விட்டு வீடு போட்டதில் இந்தப் பிரச்சினையே இல்லை. இன்றும் அப்படிச் செய்யலாம்: புது அறைகளைச் சில அடி தள்ளிப் போட்டு, நடுவில் கூரையிட்ட நடைவழியால் இணைத்தால் போதும். காற்றும் வெளிச்சமும் இரண்டு வீட்டுக்கும் கிடைக்கும். மாடி வேண்டுமென்றால் அதன் பாரம் பழைய சுவரில் இறங்கக் கூடாது, புதுத் தூண்களில் இறங்க வேண்டும். கடற்கரை மணலைக் கழுவாமல் கொங்கிறீற்றில் போட்டால் உள்ளிருக்கும் கம்பியை உப்புத் தின்றுவிடும்.

கிணற்றை மூடிவிடுவது இப்போது வழக்கமாகிறது. குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்கிறார்கள். மூன்று வீட்டுப் பெண்கள் பேசி, அழுது, சிரித்த இடத்தை மண் போட்டு நிரப்புவதை நல்ல வேலை என்று எப்படிச் சொல்வது? மலக்குழியைத் தள்ளி அமைத்து, தண்ணீரைச் சோதித்து, கிணற்றைத் திறந்தே வைத்திருக்கலாம்.

சட்டம் தானாக இந்த வீடுகளைக் காப்பாற்றாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதைத்தான் தொன்மை என்று எண்ணுகிறது. கல்லடியின் ஓட்டு வீடுகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. ஊர் நினைத்தால் காப்பாற்றலாம் என்பதற்கு ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2013 மார்ச்சில் யப்பானிய உதவியோடு புதிய கல்லடிப் பாலம் திறக்கப்பட்டபோது, பழைய மானிங் பாலத்தைப் பிரித்து இரும்புக்கு விற்கவில்லை. புதியது வாகனங்களைச் சுமக்க, பழையது பக்கத்திலேயே நிற்கிறது.

பழைய வீடொன்றைத் திருத்தப் போகும் கல்லடிக் குடும்பங்களிடம் கேட்க ஒன்று உண்டு. மேசன் சம்மட்டியைத் தூக்குமுன் வீட்டை ஒருமுறை அளந்து, ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். எந்த அறை எந்தக் கலியாணத்துக்குப் போட்டது, எந்தச் சுவர் புயலுக்கு முன், எது சுனாமிக்குப் பின் என்று உயிரோடிருக்கும் அம்மம்மாவிடம் கேட்டு அதில் எழுதுங்கள். அந்தத் தாளை வீட்டு உறுதியோடு சேர்த்து வையுங்கள். உறுதி புதிதாக எழுதப்படுவதாக இருந்தால், அதில் மகளின் பெயர் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.